முடிச்சா வீரனைத்தான்

தவமணியை அந்த ஊரில் யாரும் தவமணி என்று கூப்பிட்டதில்லை. சிலோன்காரி என்றார்கள். முதல் வருஷம் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், அப்புறம் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். ஜனத்தொகைக் கணக்கெடுக்க வந்த வாத்தியார்கூட அதையே பேர் என்று எழுதிக்கொண்டு போகப் பார்த்தார். அவள் கோபப்படவில்லை. உயிரோடு வந்து சேர்ந்ததே பெரிது, இதில் பேர் ஒரு கேடா என்று இருந்துவிட்டாள்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் வைகாசியில் அவள் அப்பாவின் சுருட்டுக்கடையை எரித்தார்கள். கடை சிலோனின் தெற்கே, காலிப் பக்கத்தில், சிங்களவர்கள் ஊரில் இருந்தது. அப்பா யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரிக்காரர். அவரிடம் சுருட்டுச் சுற்ற வந்த திண்டுக்கல் ஆள்தான் பெருமாள்சாமி. கைவேலையில் கெட்டிக்காரன், வாய் திறக்க மாட்டான். அதற்காகவே மனிதர் தன் மூத்த மகள் தவமணியை அவனுக்குக் கொடுத்தார். எங்கிருந்தோ வந்தவனுக்குப் பெண்ணைக் கொடுத்துவிட்டார் என்று சொந்தக்காரர்கள் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டார்கள். கடைக்குத் தீ வைக்க வந்தவர்களில் பாதிப் பேர் அதே கடையில் தினமும் சுருட்டு வாங்கிப் பிடித்தவர்கள். அப்பாவை வெளியே இழுத்துப் போட்டு, மண்ணெண்ணெய் ஊற்றி முதலில் அவரைக் கொளுத்தினார்கள். கடையைப் பிறகுதான் கொளுத்தினார்கள். பெருமாள்சாமி ஒரு வயது மகளைத் தூக்கிக்கொண்டு, மனைவியையும் மைத்துனி நேசத்தையும் பின்சுவர் ஏற்றிவிட்டான். அப்பாவின் அலறல் சுவருக்கு இந்தப் பக்கமும் கேட்டது. நேசத்துக்கு அப்போது பதினைந்து வயது. அவள் திரும்பி ஓடப் பார்த்தாள். தலைமயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடியவள் தவமணிதான். ஒரு கொத்து மயிர் கையோடு வந்துவிட்டது.

அகதிக் கப்பலில் காங்கேசன்துறை போனார்கள். அங்கே சொந்தக்காரர்கள் முகம் கொடுக்கவில்லை. பிறகு தலைமன்னார், தனுஷ்கோடி, மதுரை என்று வந்து திண்டுக்கல்லில் இறங்கினார்கள். மலைக்கோட்டை கண்ணில் பட்டதும் பெருமாள்சாமி அதிசயமாக வாயைத் திறந்தான்.

"எங்க ஊர்ல இந்த வெட்டுக்குத்தெல்லாம் கிடையாது. பயப்படாம வாங்க."

பாவம், பத்து வருஷமாக ஊரில் இல்லாதவன். மறந்துபோயிருந்தான்.

ஊர், திண்டுக்கல்லிலிருந்து வேடசந்தூர் போகும் சாலையில் இருந்தது. செம்மண் பூமி, கிணற்றுப் பாய்ச்சல், புகையிலையும் சோளமும். வீட்டில் பெருமாள்சாமியின் அண்ணன் ஒச்சப்பன் ஒருவன்தான். அவன் பெண்டாட்டி அடி தாங்காமல் பிறந்த வீட்டுக்குப் போய் நாலு வருஷமாகியிருந்தது. போனவள் புத்திசாலி.

முதல் மாதமே தவமணிக்கு ஒச்சப்பனின் கை தெரிந்துவிட்டது. தேங்காய்ப்பால் விட்டுச் சொதி வைத்திருந்தாள். அவன் ஒரு வாய் குடித்துவிட்டு வட்டிலை எட்டி உதைத்தான்.

"இந்த வெள்ளத் தண்ணிய மனுசன் குடிப்பானா? வெஞ்சனம் வைக்கத் தெரியாதவளை எதுக்குலே கூட்டியாந்த?"

அடுத்த வாரம் குழந்தை கிணற்றுப் பக்கம் ஓடியது. "பெட்டையைப் பிடியுங்கோ" என்று தவமணி கத்தினாள். அவள் ஊரில் பெட்டை என்றால் பெண்பிள்ளை. இந்த ஊரில் நாயையும் பன்றியையும்தான் அப்படிச் சொல்வார்கள். ஒச்சப்பன் வந்து கன்னத்தில் அறைந்ததில் கடைவாய்ப் பல் ஒன்று விழுந்துவிட்டது. "என் தம்பி பிள்ளைய நாயிங்கிறியா?" என்று கேட்டான். அடியை வாங்கிய பிறகுதான் என்ன தப்பு என்பதே அவளுக்குப் புரிந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு சொல்லையும் வாய்க்குள் ஒருமுறை உருட்டிப் பார்த்துவிட்டே பேசினாள். மூன்று வருஷத்தில் ஊர்ப் பேச்சு அவளுக்கு ஓரளவு வந்துவிட்டது. அவசரத்திலும் அழுகையிலும் மட்டும் பழைய பேச்சு வந்தது.

நேசம் அப்படி இல்லை. தன் பேச்சை மாற்ற மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். "அப்பாவும் போனார், வீடும் போச்சு. நாக்கையும் இவங்களிட்டக் குடுக்கோணுமோ?" என்பாள். ஒருநாள் ஒச்சப்பன் அவள்மேல் கை ஓங்கினான். அண்ணன் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு அறியாத பெருமாள்சாமி அன்றைக்கு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். ஒன்றும் பேசவில்லை, பிடித்துக்கொண்டு நின்றான், அவ்வளவுதான். தவமணிக்கு அந்த வீட்டில் இருந்த தைரியமெல்லாம் அந்த ஒரு பிடிதான்.

கிணற்றில் பாதிப் பங்கு அடுத்த காட்டுக் கருப்பணன் குடும்பத்துக்கு. ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் முறை. கோடையில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய்விட்டால் யார் முறை என்று பேச்சு வரும், பேச்சிலிருந்து அரிவாள் வரும். அறுபத்தொன்றில் ஒச்சப்பன், கருப்பணனின் தம்பியுடைய இடது கையில் இரண்டு விரலை வெட்டிப் போட்டுவிட்டான். அதற்கு ஆறு மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்து, மறுநாளே மீசையை முறுக்கிக்கொண்டு, கிணற்றில் மாடு கட்டிக் கமலை ஓட்டினான். இரண்டு வீட்டாரும் அரிவாள் இல்லாமல் காட்டுக்குப் போவதில்லை என்றாகிவிட்டது.

இந்த லட்சணத்தில்தான் நேசத்துக்குக் கருப்பணன் மகன் வீரன்மேல் ஆசை வந்தது. திண்டுக்கல்லில் புகையிலைக் கிட்டங்கி ஒன்றில் அவள் இலை பிரிக்கப் போவாள். வீரன் வண்டியில் சிப்பம் ஏற்றிக்கொண்டு அங்கே வருவான். சண்டை சச்சரவில் தலை கொடுக்காத பையன். அவள் பேச்சைக் கேட்டு ஊரே சிரித்தபோது அவன் ஒருவன்தான் சிரிக்காமல், "கடல்ல போறப்போ பயமா இருக்குமா?" என்று கேட்டானாம். போதாதா?

தவமணிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. ஒச்சப்பன் காதில் விழுந்தால் நேசத்தை வெட்டிக் கிணற்றில் போட்டுவிட்டுச் சாப்பிட உட்காருவான். அறுபத்திரண்டு மாசியில் ஒருநாள் கிணற்றடியில் துணி துவைத்தபடி தங்கையிடம் மெல்லப் பேசிப் பார்த்தாள். இவனை விட்டுவிடு, வேறு இடம் பார்க்கிறேன் என்றாள். நேசத்துக்கு மெல்லப் பேச வராது. ஈரத்துணியைக் கல்லில் ஓங்கி அறைந்தாள்.

"முடிச்சா வீரனைத்தான் முடிப்பன். ஆர் மறிச்சாலும் முடிச்சே தீருவன்."

அந்த நேரம் பார்த்துக் குடத்தோடு படியிறங்கி வந்தாள் அய்யம்மாள், வீரனுடைய அத்தை. கேட்டது கடைசிப் பேச்சு மட்டும்தான். அவள் முகம் வெளுத்துப்போனது. குடத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

அங்கேதான் எல்லாம் கெட்டது. யாழ்ப்பாணத்தில் ஒருவனை முடிப்பது என்றால் அவனைக் கல்யாணம் செய்துகொள்வது. திண்டுக்கல் சீமையில் கல்யாணத்தை முடிப்பார்கள். ஆளை முடிப்பது என்றால் அது வேறு. நான்கு வருஷம் சொல் சொல்லாக உருட்டிப் பார்த்துப் பேசிய தவமணிக்கு, இந்த ஒரு சொல் உறைக்கவில்லை. பிறந்ததிலிருந்து பேசிய சொல்லாயிற்றே. காதல் விவகாரத்தைக் கேட்டுவிட்டுத்தான் அய்யம்மாள் ஓடுகிறாள் என்று நினைத்தாள். ஊர் வாய்க்குப் பயந்து நேசத்தை வீட்டுக்குள் அடைத்தாள். புருஷனிடம்கூட மூச்சு விடவில்லை.

கருப்பணன் வீட்டில் வேறு மாதிரி யோசித்தார்கள். ஒச்சப்பன் வீட்டுக் குமரியே கிணற்றடியில் வாய்விட்டுச் சொல்கிறாள் என்றால், உள்ளே என்னென்ன பேசி வைத்திருப்பார்கள்? இன்றைக்கு வீரன், நாளைக்கு யார்? முந்திக்கொள்ள வேண்டியதுதான். வண்டியோடு போயிருந்த வீரனிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் காலையில் கருப்பணனும் அவன் தம்பியும் ஒச்சப்பனைத் தேடித்தான் வந்தார்கள். ஒச்சப்பன் மாடு பார்க்க ஒட்டன்சத்திரம் போயிருந்தான். கமலை ஓட்டிக்கொண்டிருந்தவன் பெருமாள்சாமி. வந்த கைகள் சும்மா போகவில்லை. கஞ்சிக்கலயத்தோடு தவமணி வரப்பில் வந்தபோது முதல் வெட்டு தோளில் விழுந்திருந்தது. அவன் வடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். இரண்டாவது வெட்டு கழுத்தில். மாடுகள் மிரண்டு இழுக்க, வடம் அறுந்து, தண்ணீர்ச் சால் கிணற்றுக்குள் போய் விழுந்த சத்தம் பெரிதாகக் கேட்டது. அவன் சத்தமே போடவில்லை. கடைசியிலும் பேசாமலே போய்விட்டான். தவமணி ஓடிப்போய் கழுத்தை இரண்டு கையாலும் பொத்தினாள். விரலிடுக்கு வழியே எல்லாம் வழிந்து வாய்க்காலில் கலந்து, புகையிலைப் பாத்திக்குப் பாய்ந்தது.

தூரத்தில் வரப்பில் நின்று அய்யம்மாள் கத்தினாள்.

"எங்க பிள்ளைய முடிக்கவா பாத்தீக? இப்ப யாரு முடிஞ்சாருன்னு பாத்துக்கங்க."

அப்போதுதான் அந்தச் சொல் தவமணிக்கு உறைத்தது. பெட்டை என்ற சொல்லுக்கு ஒரு பல் போனது. இதற்குப் புருஷன் போய்விட்டான்.

போலீஸ் வந்து விசாரித்தபோது ஒச்சப்பன் பக்கத்திலேயே நின்றான். உங்கள் வீட்டுப் பெண் அப்படிச் சொன்னது உண்மையா என்று கேட்டார்கள். இல்லை என்றால் நேசத்தைக் கூப்பிட்டுக் கேட்பார்கள், அவள் உள்ளதைக் கொட்டிவிடுவாள். "ஓம், கோவத்தில சொன்னவள்" என்று எழுதிக் கொடுத்தாள் தவமணி. ஒச்சப்பனுக்கு அதில் பெருமை வேறு.

"பொம்பளைன்னா இப்படி இருக்கணும். என் தம்பி வீட்டுல ஒருத்திக்காச்சும் ரோசம் இருக்கே."

அன்றிலிருந்து அவன் நேசத்தைப் பார்த்துச் சாப்பிட்டாயா என்று கேட்க ஆரம்பித்தான். ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்து வந்து அவளுக்கு முதலில் போடச் சொன்னான். நேசம் உள்ளே போய் வாந்தி எடுத்தாள்.

வழக்கு மதுரை செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போனது. சர்க்கார் வக்கீல் தவமணியைக் கூப்பிட்டு விவரம் சொன்னார். தன் மகனைக் கொல்லப் பார்த்தார்கள் என்று பயந்து வெட்டினேன் என்று கருப்பணன் சொல்லப் போகிறான், அந்தக் கிணற்றடிப் பேச்சு உண்மை என்று ஆகிவிட்டால் தண்டனை பாதியாகிவிடும் என்றார். தவமணி தலையை ஆட்டிவிட்டு வந்தாள். சொல்லுக்கு அர்த்தம் சொன்னால் புருஷனை வெட்டியவர்கள் தப்ப முடியாது. சொன்ன அன்றைக்கே ஒச்சப்பன் நேசத்தைக் கண்டதுண்டமாக வெட்டுவான். சொல்லாவிட்டால் நேசம் பிழைப்பாள். பேசாமல் செத்தவனுக்காகப் பேசவும் ஆள் இல்லாமல் போகும். அவள் இரண்டில் எதையும் விடுவதாக இல்லை.

சாவகச்சேரியில் இருந்த சின்னம்மாவுக்குக் கடிதம் எழுதினாள். பேச்சை விட்ட சின்னம்மா, இரண்டு வரியில் வரச்சொல்லி எழுதினாள். நேசத்தைக் கிளப்புவதுதான் பெரும்பாடாக இருந்தது.

"அங்க அப்பாவை எரிச்சவங்கள் அக்கா. எனக்குப் பயமாக் கிடக்கு."

"அது காலியில. சாவகச்சேரியில கொல்லுறவன் வெளியில இருந்துதான் வரோணும். அவனிட்ட இருந்து ஓடித் தப்பலாம். இஞ்ச கொல்லப் போறவன் உனக்குச் சோறு போடுறவன்."

"வீரனிட்ட ஒரு சொல்லு சொல்லிப்போட்டுப் போறன்."

"இனி ஒரு சொல்லும் வேண்டாம்."

சாட்சி சொல்ல வேண்டிய நாள் ஆவணியில் வந்தது. குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, தவமணியும் ஒச்சப்பனும் முதல் பஸ்ஸில் மதுரைக்குப் போனார்கள். பஸ் கண்ணுக்கு மறைந்ததும் நேசம் மாற்றுப்புடவை ஒன்றைச் சுருட்டிக்கொண்டு, அக்கா கழற்றிக் கொடுத்த தாலிக்கொடியை இடுப்பில் கட்டிக்கொண்டு, முன்கதவைத் தாழிட்டுவிட்டுப் பின்வாசல் வழியே திண்டுக்கல் ரயிலடிக்கு நடந்தாள்.

கோர்ட்டில் கருப்பணனின் வக்கீல் குரலை உயர்த்தாத ஆள். கிணற்றடிப் பேச்சை எழுத்து விடாமல் படித்துக் காட்டி, இது உன் தங்கை சொன்னதுதானே என்று கேட்டார். தவமணி கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். எதிரே பெஞ்சில் ஒச்சப்பன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். பின்வரிசையில் வீரன், தகப்பனைப் பார்ப்பதற்காக வந்திருந்தான்.

"ஓம், சொன்னவள். கலியாணம் கட்டுவன் எண்டு சொன்னவள்."

ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றினார். "கல்யாணத்தை முடிப்பார்கள் அம்மா. ஆளை எப்படி முடிப்பது?"

"எங்கட ஊரில ஆளைத்தான் ஐயா முடிக்கிறது. நான் என்ர மனிசனை முடிச்சனான். அவர் என்னை முடிச்சவர். எந்த யாழ்ப்பாணத்தாரைக் கேட்டாலும் சொல்லுவினம்."

"புருசனை முடிச்சாளாம்" என்று யாரோ சொன்னார்கள். பின்வரிசை சிரித்தது. முன்வரிசையும் சிரித்தது. கட்டியவன் கழுத்தைப் பொத்திய கையால் கூண்டைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி நிற்கிறாள், அவளைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். இவர்களும் மனிதர்கள்தான்.

சிரிக்காதவர்கள் இரண்டு பேர். ஒச்சப்பன் காலைக் கீழே இறக்கினான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பாராமல் வெளியே நடந்தான். அவன் போவதைப் பார்த்த வீரன், வாசலை மறித்த ஆட்களைத் தள்ளிக்கொண்டு ஓடினான். நேசத்தை அனுப்பிவைத்த விஷயம் வீரனுக்குத் தெரியாதே. வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடாமல் சாட்சியை விட மாட்டார்கள். "போகாதே, அவள் அங்க இல்லை" என்று கூண்டில் நின்றபடியே கத்தினாள். டவாலி அவளை அதட்டி உட்கார வைத்தான்.

சாயங்காலம் தவமணி ஊருக்குள் இறங்கியபோது தெருவில் ஒரு கதவுகூடத் திறந்திருக்கவில்லை. வீரன் லாரி ஒன்றைப் பிடித்து ஒச்சப்பனுக்கு முன்னால் வந்து சேர்ந்திருக்கிறான். உள்தாழ் போட்டிருந்த கதவைத் தட்டி, "நேசம், பின்வாசல் வழியா ஓடிரு, ஓடிரு" என்று கத்தியிருக்கிறான். உள்ளே யாரும் இல்லை என்பதை அறியாமலே திரும்பத் திரும்பக் கத்தியிருக்கிறான். ஒச்சப்பன் பின்னால் வந்து நின்றதைப் பார்க்கவில்லை. முதல் வெட்டு பிடரியில். எத்தனை வெட்டு என்று பார்த்தவர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பிறகு கதவை உடைத்து உள்ளே போய்த் தேடி, கிடைக்காமல், நேசத்தின் பெட்டியையும் பாயையும் வெட்டித் தள்ளிவிட்டு, அரிவாளோடு போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்து போய்விட்டான்.

வாசற்படியில் வீரன் குப்புறக் கிடந்தான். அய்யம்மாள் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். தவமணியைப் பார்த்ததும் அடிக்க வரவில்லை.

"கட்டிக்கிறேன்னுதான் சொன்னாளா?"

"ஓம்."

அய்யம்மாள் தன் வாயிலேயே அறைந்துகொண்டாள். உதடு கிழிந்து ரத்தம் வரும்வரை அறைந்தாள். தவமணி போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கருப்பணனுக்கு ஆயுள். அவன் தம்பிக்கு ஏழு வருஷம். ஒச்சப்பனுக்கும் ஆயுள்தான். இரண்டு காட்டுக்கும் ஒரே கிணறு, இரண்டிலும் பெண்கள் மட்டும் மிஞ்சினார்கள். அப்புறம் தண்ணீர் முறைக்காகச் சண்டையே வரவில்லை. கருப்பணன் வகையில் வெளியூரில் இருந்த ஆண்பிள்ளைகள் மட்டும், அந்தச் சிலோன்காரி தங்கச்சி என்றைக்காவது கையில் கிடைக்காமலா போவாள் என்று சொல்லி வைத்திருந்தார்கள். அய்யம்மாளே அதை வந்து தவமணியிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

நேசம் சாவகச்சேரியிலிருந்து மாதம் ஒரு கடிதம் போடுவாள். ஒவ்வொன்றிலும் கடைசி வரி ஒன்றுதான், வீரன் எப்படி இருக்கிறான் என்று கேட்பாள். தவமணி மழையைப் பற்றி எழுதினாள், மகள் பள்ளிக்கூடம் போவதை எழுதினாள், ஒச்சப்பன் ஏதோ வழக்கில் ஜெயிலுக்குப் போய்விட்டான் என்றுகூட எழுதினாள். வீரன் பேரை மட்டும் எழுதவில்லை. எழுதினால் தங்கை அடுத்த கப்பலில் ஏறி வந்துவிடுவாள் என்று அவளுக்குத் தெரியும். வந்தால் அவளையும் வெட்டுவார்கள்.

அறுபத்தைந்து கார்த்திகையில் வந்த கடிதம் நீளமாக இருந்தது. சின்னம்மா ஒரு பள்ளிக்கூட மாஸ்டரை மாப்பிள்ளையாகப் பேசியிருக்கிறாள், நல்ல மனிதர்தான். "வீரன் இன்னும் ஒருத்தியையும் கட்டேல்லை எண்டால் ஒரு வரி எழுது அக்கா. என்ன நடந்தாலும் நான் வாறன்" என்று எழுதியிருந்தாள்.

தவமணி மூன்று நாள் பேனாவைத் தொடவில்லை. நாலாம் நாள் எழுதினாள். வீரனுக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். நீ போன பிறகு ஒருநாளும் உன்னை விசாரித்ததில்லை. மாஸ்டருக்குச் சம்மதம் சொல்லிவிடு.

பதில் இருபது நாளில் வந்தது. தை மாதம் கலியாணம் என்று முதல் வரியில் இருந்தது. கீழே, "எனக்காக ஒருநாள் எண்டாலும் ஓடி வந்திருப்பான் எண்டு நினைச்சிருந்தன். இவ்வளவுதானா அவன்? நாசமாய்ப் போகட்டும்" என்று எழுதியிருந்தாள்.

தவமணி அதை வாசற்படியில் உட்கார்ந்து படித்தாள். படித்து முடித்ததும் கடிதத்தை அடுப்பில் போட்டாள். மறுநாள் காலையில் மகளை அய்யம்மாளிடம் விட்டுவிட்டு, தங்கைக்குக் கல்யாணச் சேலை எடுக்கத் திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறினாள்.